வளர்ச்சி நிதி தனியார் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகலாமா?

அரூர் பக்கத்தில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. "பணக்கார நாடுகளின் அரசுப் பணம், வளர்ச்சி வங்கிகள் வழியாக ஏழை நாடுகளின் தனியார் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் முதலீடாகப் போடப்படுகிறது. இதைச் சிலர் கடுமையாக எதிர்க்கிறார்கள். எங்கள் ஊரில் கூலி வேலைக்குப் போகிறவர்களே பிள்ளையைத் தனியார் பள்ளியில்தான் சேர்க்கிறார்கள். ஏழைகள் போகும் இடத்துக்குப் பணம் வந்தால் நல்லதுதானே? எங்கள் தாளாளரும் அப்படிப்பட்ட நிதியிலிருந்து கடன் வாங்க யோசிக்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடன் யாருக்குப் போகிறது, யார் அடைக்கிறார்கள், அடைக்க முடியாதபோது யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. உங்கள் கேள்வியையும் அப்படித்தான் பார்க்கிறேன். என் பதில்: லாப நோக்குள்ள பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இந்தப் பணம் பங்கு முதலீடாகப் போவதை நான் எதிர்க்கிறேன். தனியார் என்ற ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. வேறு எந்தப் பணமும் போகாத இடத்துக்குப் போக வேண்டிய பணம், எல்லாப் பணமும் போகும் இடத்துக்கே போய்ச் சேருகிறது என்பதால் எதிர்க்கிறேன்.

முதலில் பணம் வரும் வழியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உலக வங்கி, ஜப்பானின் ஜைக்கா போன்றவை அரசாங்கங்களுக்குக் கடன் தருகின்றன. அதே உலக வங்கிக் குழுமத்தில் 1956இல் தொடங்கப்பட்ட சர்வதேச நிதிக் கழகம் தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கிறது, அவற்றின் பங்குகளையும் வாங்குகிறது. பிரிட்டனுக்கு இதே வேலையைச் செய்ய 1948இல் காலனிய வளர்ச்சிக் கழகமாகத் தொடங்கிய சிடிசி இருக்கிறது. 2022இல் அதன் பெயர் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் இன்வெஸ்ட்மென்ட் என்று மாறியது. பிரான்சுக்கு புரோபார்கோ, ஜெர்மனிக்கு டிஇஜி. இவை எல்லாவற்றின் பின்னாலும் நிற்பது அரசுகளின் பணம். ஆனால் முதல் வகையில் அரசு கடனாளி. இரண்டாம் வகையில் ஒரு கம்பெனி கடனாளி, அல்லது வளர்ச்சி வங்கியே அந்தக் கம்பெனியின் பங்குதாரர். பங்குதாரர் சில ஆண்டுகளில் தன் பங்கை லாபத்துக்கு விற்றுவிட்டு வெளியேற வேண்டும். மற்ற எல்லாமே இந்த வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கிறது.

முதல் வகைப் பணம் நம் மாவட்டங்களில் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பழுப்பேறிய பற்களும் இளம் வயதிலேயே வளைந்துபோன கால்களும் இங்கே எத்தனை கிராமங்களில் சாதாரணக் காட்சியாக இருந்தன! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவான அந்தத் திட்டம் ஜப்பான் கடனுதவியில் நடந்தது. எந்த முதலீட்டாளரும் லாபத்தை எதிர்பார்த்துப் பாலக்கோட்டுக்கும் வேப்பனப்பள்ளிக்கும் குழாய் பதிக்க வந்திருக்க மாட்டார். எலும்பு நோய்க்கு ஒரு தனியார் மருத்துவமனையை முதலீடு போட்டுக் கட்டியிருந்தால் அது நன்றாகவே ஓடியிருக்கும், நோயும் அப்படியே இருந்திருக்கும். குடிநீர் இன்னும் பல ஊர்களுக்கு நாள் தவறித்தான் வருகிறது. வராதபோது காலிக் குடத்தோடு மறியல் செய்யலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு போகலாம், சட்டமன்ற உறுப்பினரை வழிமறித்துக் கேட்கலாம். கடனைக் கேள்வி கேட்க நமக்கு ஓர் இடம் இருக்கிறது.

மருத்துவத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. 2005இல் உலக வங்கி சுமார் 11 கோடி டாலர் கடன் கொடுத்துத் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் சிக்கலான பிரசவங்களை இரவு பகலாகக் கவனிக்கும் சீமாங்க் மையங்கள் அதனால் வலுப்பெற்றன. விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் ரத்தக்கொதிப்பையும், தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோயையும் முன்கூட்டியே கண்டறியும் சோதனை முயற்சிகள் அந்தப் பணத்தில்தான் நடந்தன. பிறகு அவை மாநிலம் முழுவதும் விரிந்தன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்த வேரிலிருந்து வளர்ந்தது என்பது என் கணிப்பு. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை சாப்பிடும் ஆள் பக்கவாதத்தோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் போய்ப் படுக்கும் வாய்ப்பு குறைகிறது. அது சமூகத்துக்குப் பெரிய லாபம். மருத்துவமனைப் பங்குதாரருக்கு அதில் ஒரு காசு வருமானமும் இல்லை. அவருடைய வருமானம் நோய் முற்றிய பிறகுதான் தொடங்குகிறது. அவர் கெட்டவர் என்பதல்ல, அவர் போட்ட பணத்தின் குணம் அது.

இப்போது இரண்டாம் வகைப் பணத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கட்டுவார்? ஓசூரில். சிப்காட் தொழிற்சாலைகள், மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள், நிறுவனக் காப்பீடு, ஒரு மணி நேரத்தில் பெங்களூரிலிருந்து வந்துபோகக்கூடிய சிறப்பு மருத்துவர்கள், எல்லாம் அங்கேதான். அஞ்செட்டியில் கட்ட மாட்டார். சித்தேரி மலையில் கட்ட மாட்டார். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குப் பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். அந்த மலைக்கிராமங்களில் பிரசவ வலி வந்தவர்களை டோலி கட்டித்தான் இறக்கினார்கள். அங்கே எந்த நிதியமும் பங்கு வாங்காது. ஓசூரில் மருத்துவமனை கட்டுவதற்கோ வளர்ச்சி வங்கியின் தயவு தேவையே இல்லை. சாதாரண வங்கிகளே வரிசையில் நின்று கொடுக்கும். அப்படியானால் பிரிட்டன் நாட்டுத் தொழிலாளியின் வரிப்பணம் இங்கே எதைச் சாதித்தது?

"ஏழைகளுக்கும் படுக்கை ஒதுக்குவோம்" என்று முதலீட்டு ஆவணங்களில் எழுதுவார்கள்தான். அப்படி எழுதிய ஒரு நிதியத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். துபாயை மையமாகக் கொண்ட அப்ராஜ் நிறுவனம், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குறைந்த வருமானக்காரர்களுக்கு மருத்துவமனைகள் என்று சொல்லி 100 கோடி டாலரில் ஒரு சுகாதார நிதியம் திரட்டியது. சர்வதேச நிதிக் கழகம், சிடிசி, புரோபார்கோ, கேட்ஸ் அறக்கட்டளை எல்லாம் பணம் போட்டன. மருத்துவமனைக்கென்று கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று 2017இல் கேட்ஸ் அறக்கட்டளை துருவத் தொடங்கியது. 2018இல் அப்ராஜ் நிறுவனமே திவாலாகிவிட்டது. நிதியத்தையும் அதன் கையிலிருந்த மருத்துவமனைகளையும் 2019இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டிபிஜி எடுத்துக்கொண்டது. ஹைதராபாதை மையமாகக் கொண்ட ஒரு மருத்துவமனைக் குழுமமும் அதில் அடக்கம். இத்தனை கைமாற்றங்களில் ஏழை நோயாளியின் பேச்சு எங்கேயாவது வந்ததா என்று தேடிப் பாருங்கள். உலகின் பெரிய வளர்ச்சி வங்கிகளே கண்காணிக்க முடியாத பணத்தை, அங்கே படுத்திருக்கும் நோயாளி எப்படிக் கண்காணிப்பார்?

தென்னாப்பிரிக்காவால் நான்கு புறமும் சூழப்பட்ட சின்ன நாடு லெசோத்தோ. அதன் தலைநகர் மசேருவில் 2011இல் ராணி மமொஹாட்டோ நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஒப்பந்தம் 2008இல் போடப்பட்டது. அதற்கு ஆலோசனை சொன்னது சர்வதேச நிதிக் கழகம். நடத்தியது தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்றின் தலைமையிலான கூட்டமைப்பு. மருத்துவமனை மோசமாக இயங்கவில்லை. பழைய அரசு மருத்துவமனையைவிட இறப்பு கணிசமாகக் குறைந்தது என்று 2015இல் வெளியான ஆய்வே சொன்னது. சிக்கல் செலவில்தான். நாட்டின் சுகாதார பட்ஜெட்டில் 51 சதவீதத்தை இந்த ஒரே மருத்துவமனை விழுங்குகிறது என்று 2014இல் ஆக்ஸ்பாம் என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பு கணக்குக் காட்டியது. உலக வங்கி அந்தக் கணக்கை ஏற்கவில்லை. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், தலைநகரில் இருக்கும் ஒரு கட்டடத்துக்கு ஒப்பந்தப்படி கட்டாயம் கட்ட வேண்டிய பெருந்தொகை ஆண்டுதோறும் முதலில் போய்விட, மலைநாட்டின் கிராமங்களுக்கு மிச்சம்தான் கிடைத்தது. செவிலியர்கள் ஊதிய உயர்வு கேட்டுப் போராடிப் பெரும் எண்ணிக்கையில் வேலை இழந்தார்கள். 2021இல் அந்த ஒப்பந்தம் முறிந்தது. 18 ஆண்டுகள் ஓட வேண்டிய ஒப்பந்தம் அது.

2023இல் ஆக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை இன்னும் கொடுமையானது. ஐரோப்பிய வளர்ச்சி வங்கிகளும் சர்வதேச நிதிக் கழகமும் முதலீடு செய்த சில மருத்துவமனைகளில், பணம் கட்ட முடியாத நோயாளிகளை வெளியே விடாமல் பிடித்து வைத்தார்கள், இறந்தவர் உடலைக்கூடத் தர மறுத்தார்கள் என்று அது குற்றம்சாட்டியது. இந்தச் செய்தி நமக்குப் புதிதாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

பள்ளிகளுக்கு வருகிறேன். 2009 வாக்கில் கென்யாவில் தொடங்கிய பிரிட்ஜ் இன்டர்நேஷனல் அகாடமிஸ் என்ற பள்ளித் தொடரில், 2013இல் தொடங்கி ஒரு கோடி டாலருக்கு மேல் சர்வதேச நிதிக் கழகம் முதலீடு செய்தது. சிடிசியும் போட்டது. ஆசிரியர் கையில் ஒரு கையடக்கக் கணினி இருக்கும். வகுப்பில் என்ன சொல்ல வேண்டும் என்பது தலைமையகத்தில் எழுதப்பட்டு அதில் வந்துவிடும். அதை அப்படியே ஒப்பிக்க வேண்டும். முறையான பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவையில்லை என்பதால் சம்பளம் குறைவு. 2016 நவம்பரில் உகாண்டா உயர் நீதிமன்றம் அங்குள்ள பிரிட்ஜ் பள்ளிகளை மூடும் அரசின் முடிவு சரியென்றது. 2018இல் கென்யப் பெற்றோரும் ஆசிரியர்களும் சர்வதேச நிதிக் கழகத்தின் குறைகேட்பு அமைப்பிடம் புகார் கொடுத்தார்கள். விசாரணையில் குழந்தைகள்மீதான பாலியல் வன்முறைகளும் வெளியே வந்தன. 2022இல் கழகம் தன் பங்கை விற்று வெளியேறியது; 12ஆம் வகுப்பு வரையிலான கட்டணப் பள்ளிகளில் இனி முதலீடு செய்வதில்லை என்றும் முடிவெடுத்தது. பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான செயல்திட்டத்துக்கு உலக வங்கியின் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது 2024இல். புகார் கொடுத்து ஆறு ஆண்டுகள். அந்தக் குழந்தைகளில் பலர் அதற்குள் பள்ளிப்பருவத்தையே கடந்திருப்பார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமர் பங்கேற்ற ஓர் ஆய்வு, கென்யாவில் பிரிட்ஜ் மாணவர்கள் மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம் கற்றார்கள் என்று 2022இல் சொன்னது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமல்ல. ஒழுங்காக வகுப்புக்கு வரும் ஆசிரியரும் தெளிவான பாடத்திட்டமும் இருந்தால் குழந்தை கற்கும் என்பது அதிலிருந்து புரிகிறது. அந்த இரண்டையும் அரசுப் பள்ளியில் கொண்டுவர அதே பணத்தைச் செலவிட்டிருந்தால் கட்டணம் கட்ட முடியாத குழந்தையும் கற்றிருக்குமே என்பதுதான் என் கேள்வி.

நம் பக்கத்து மாநிலத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. ஒருங்கிணைந்த ஆந்திராவில் பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் குலுக்கல் முறையில் சில குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கொடுத்து, நான்கு ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். தெலுங்கிலும் கணிதத்திலும் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கும் தனியார் பள்ளிக் குழந்தைகளுக்கும் வேறுபாடு இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிக் குழந்தைகள் முன்னால் இருந்தார்கள், ஏனென்றால் அங்கே இந்திக்கு அதிக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு தனியாரில் அரசுப் பள்ளியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பார்த்தீர்களா, குறைந்த செலவு என்று கொண்டாடுகிறவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தக் குறைந்த செலவின் பெயர் என்ன என்று உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அது உங்கள் சம்பளம். பி.எட். முடித்த பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்காக ஊரைவிட்டுப் போக முடியாமல், அக்கம்பக்கத்துப் பள்ளியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வேலை செய்வதால்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. இந்த ஏற்பாட்டின் மேல் வெளிநாட்டுப் பொதுப் பணத்தை அடுக்கி லாபம் எடுப்பதை வளர்ச்சி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

"ஏழைகளே விரும்பித்தானே போகிறார்கள்" என்ற உங்கள் வாதத்துக்கு என் பழைய மேசையிலிருந்து பதில் சொல்கிறேன். மே கடைசியிலும் ஜூன் மாதத்திலும் நகைக்கடன் கவுண்டரில் கூட்டம் நெரியும். காரணம் கேட்டால் பெரும்பாலும் பள்ளிக் கட்டணம். மற்ற மாதங்களில் உரம், விதை, கல்யாணம், அவற்றோடு ஆஸ்பத்திரி. தாலிக்கொடியைக் கழற்றி எடைத்தட்டில் வைக்கும் ஒருவர் விரும்பித்தான் அதைச் செய்கிறார் என்று எழுதும் பொருளாதார நிபுணர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, பிரசவம் நீங்கலாக ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் இந்தியாவில் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுக்கிறார்கள், சிறப்பு மருத்துவர் பணியிடம் காலியாக இருக்கிறது, இரவில் சேலத்துக்கு மாற்றி அனுப்புகிறார்கள் என்பதால்தான் மக்கள் அந்த ஏழு மடங்கைக் கொடுக்கத் தயாராகிறார்கள். அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் வளர்ச்சி நிதி வேண்டும். 2008இல் தருமபுரிக்கும், 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கும் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. அவற்றை நிரப்பி முழுமையாக்க இன்னும் எவ்வளவோ பணம் தேவை. ஒரே பணத்தை இரண்டு இடத்தில் செலவழிக்க முடியாது.

தனியாருக்குப் பொதுப் பணமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 108 ஆம்புலன்ஸை 2008 முதல் நடத்துவது அரசு அல்ல, ஒப்பந்தம் பெற்ற வெளி அமைப்பு. ஆனால் ஓட்டுநர் உங்களிடம் காசு கேட்பதில்லை, அரூரிலும் வரும், ஓசூரிலும் வரும். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் தொப்பூர் கணவாயில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரம் வரம்புக்கு உட்பட்டு இலவச சிகிச்சை பெறலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாருக்குப் போகும் தொகை பற்றி எனக்குக் கவலைகள் உண்டு. இருந்தும் அரசு மருத்துவமனைகளும் அதே தொகையைப் பெற முடியும் என்ற விதி அவற்றைக் காப்பாற்றி வருகிறது. இங்கெல்லாம் அரசு சேவையை வாங்குகிறது, விலையைத் தானே நிர்ணயிக்கிறது, நோயாளி பணம் கட்டுவதில்லை. பங்கு முதலீட்டில் இந்த மூன்றும் இல்லை.

உங்கள் தாளாளரின் கடனைப் பற்றிக் கேட்டீர்கள். சிறு பள்ளிகளுக்குக் கடன் தரும் வங்கிசாரா நிறுவனங்கள், வளர்ச்சி வங்கிகள் போன்ற வெளி இடங்களிலிருந்து திரட்டிய பணத்தின்மேல் தங்கள் செலவையும் லாபத்தையும் சேர்த்துத்தான் வட்டி போடும். சாதாரண வங்கி வட்டியைவிட அது அதிகமாகவே இருக்கும். கடன் எதற்கு என்று முதலில் கேளுங்கள். கழிப்பறைக்கும் தீயணைப்புச் சான்றுக்கும் என்றால் ஒன்று. முகப்புக் கட்டடத்துக்கும் புதிய பஸ்ஸுக்கும் என்றால் வேறு. பிறகு திருப்பிக் கட்டும் வழியைக் கேளுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் நிர்ணயிக்கிறது. ஒருமுறை நிர்ணயித்தால் மூன்று கல்வியாண்டுகளுக்கு அதுவே செல்லும். ஆகவே தவணை கட்டுவதற்காகக் கட்டணத்தைச் சட்டப்படி நினைத்தபடி உயர்த்த முடியாது. மாணவர் எண்ணிக்கை கூட வேண்டும், அல்லது ரசீதில்லாமல் வசூலிக்க வேண்டும், அல்லது உங்கள் சம்பளத்தில் கை வைக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு அரசு தரவேண்டிய தொகையை நம்பித் தவணை போட்டிருந்தால் இன்னும் ஆபத்து, அந்தத் தொகை தாமதமாக வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன், தவணைக் காலம் முழுவதும் ஆசிரியர் சம்பளம் மாதம் தவறாமல் வங்கிக் கணக்கில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் தனியாகக் கேட்க வேண்டாம், உடன் பணியாற்றும் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பின்னால் எந்த வளர்ச்சி வங்கி இருக்கிறது என்று தாளாளரிடம் விசாரித்து, அதன் புகார் பிரிவின் முகவரியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.